சித்தப்பாவை இறக்கிவிட்டால் ஓடுகிற வேன்

போன வாரம் என் காரின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைய மாட்டேன் என்றது. ராமநாதபுரத்துப் பட்டறையில் மடிக்கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி போகிற சின்னக் குழாயில் கீறல் என்றார்கள். ஒரு குச்சியைச் செருகி அடைத்துவிட்டால் என்ன என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அந்த வைத்தியத்தை ஒருமுறை செய்து பார்த்தவன் நான்.

அப்போது ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு பழைய பெட்ரோல் வேனுக்கு நான் டிரைவர். உப்புக்காற்றில் டேங்கின் ஆவிக் குழாய் வெடித்து, வண்டிக்குள் எந்நேரமும் பெட்ரோல் வாடை. பெண்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடுதான் ஏறுவார்கள். இன்றைக்கும் சர்பத் குடித்தால் எனக்குப் பெட்ரோல் ஞாபகம்தான் வருகிறது. அது என் தலையெழுத்து.

உள்ளூர் விவசாயி ஒருவர் மகனுக்கு உச்சிப்புளியில் நிச்சயம் பேசியிருந்தார். மாப்பிள்ளைக்கு வயது முப்பத்து நான்கு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றாவிட்டால் பேச்சே இல்லை என்று பெண்ணின் தாத்தா கறாராகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ பெட்ரோல் வாடை பட்டாலே வாந்தி. சம்பந்தி வீட்டில் போய் அவர் வாந்தியெடுத்து நிற்கக்கூடாதே என்று, முதல்நாள் நானே வண்டிக்கு அடியில் புகுந்து, குழாயின் வாயில் வேப்பங்குச்சியைச் செருகி சைக்கிள் டியூபால் இறுகக் கட்டினேன். டேங்கு மூடிக்கு அடியிலும் ஒரு பிளாஸ்டிக் தாள். வாடை சுத்தமாக நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

தேவிபட்டினத்துக்கு முன்னால் வண்டியும் நின்றது. பெட்ரோல் முள் செத்து வருஷக்கணக்காகிவிட்டதால், மூடியைத் திறந்து குச்சி விட்டு அளவு பார்ப்பது என் வழக்கம். திறந்ததும் 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. வெயிலுக்கு அதுவும் பாவம் மூச்சு விடுகிறது என்று நினைத்தேன். குச்சியில் பெட்ரோல் இருந்தது. சாவியைத் திருப்பினால் ஓடியது. அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா கருமலை, சர்க்கரை வியாதிக்காரர், இறங்கிக் கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. மறுபடி அவர் ஒதுங்கினார், நான் மூடியைத் திறந்தேன், வண்டி ஓடியது. மூன்றாம் தடவையும் அப்படியே. மூடியை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. எல்லோர் கண்ணும் சித்தப்பா மேல்தான்.

மாப்பிள்ளையின் அப்பா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலே கருமலை, நீ எறங்குனாத்தான் வண்டி நகருது. என்னலே இது?"

சித்தப்பா கோபப்படவே இல்லை. தன்னாலும் ஒரு வண்டி நிற்கும் என்பதில் அவருக்கு ஆச்சரியம்தான். "நல்ல காரியத்துக்கு நான் குறுக்க நிக்கலண்ணே. பஸ்ஸுல வாரேன்" என்றார். ராமநாதபுரம் பஸ் நிலையத்தில், மடியில் வைத்திருந்த வெற்றிலை பாக்குப் பையோடு இறங்கிக்கொண்டார். நாங்கள் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினோம்.

வாலாந்தரவை தாண்டி வண்டி நின்றது. இப்போதுதான் நிரப்பிய டேங்கைத் திறந்து பார்ப்பானேன் என்று நான் திறக்கவில்லை. பிளக்கைத் துடைத்தேன், ஒயர்களை ஆட்டினேன், எல்லோரையும் இறக்கித் தள்ளவிட்டேன். பட்டுச் சேலைகள் வேர்த்ததுதான் மிச்சம். ராமேஸ்வரம் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் சித்தப்பா கையசைத்துக்கொண்டே போனார்.

பத்தேகால் ஆனபோது மாப்பிள்ளையின் அம்மா அழுகிற குரலில், "பங்குல கொறச்சு ஊத்திட்டானா என்னமோ, தொறந்து பாருப்பா" என்றார். திறந்தேன். 'உஸ்ஸ்'. வண்டி ஓடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று உள்ளே போக வழியில்லாமல் டேங்கு பெட்ரோலை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வேப்பங்குச்சியையும் தாளையும் பிடுங்கிக் கருவேலங்காட்டில் எறிந்தேன். வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பந்தலில் சித்தப்பா மாலையோடு உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன வெற்றிலை பாக்கைப் பெண் வீட்டுத் தட்டிலேயே வைத்து, மாப்பிள்ளைக்கு அப்பன் முறையில் பத்தரைக்குள் தட்டு மாற்றிவிட்டார். கல்யாணம் நடந்தது. அவரைப் பஸ்ஸில் அனுப்பி நேரத்துக்குத் தட்டு மாற்றவைக்கத்தான் வேன் அப்படி நின்றது என்று அவர் உட்பட எல்லோரும் நம்பினார்கள். அதன்பிறகு அவரை யாரும் வேனில் ஏற்றவில்லை, அவரும் ஏறவில்லை. எந்த விசேஷத்துக்கும் பஸ்ஸில்தான் போவார், அந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார்.

அந்தத் தம்பதியின் மகளுக்குக் காதுகுத்தும்போது, மனசு கேட்காமல் அவரைத் தனியே கூப்பிட்டு வேப்பங்குச்சி விவகாரத்தைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப எங்கிட்ட ஒரு விசேசமும் இல்லியாப்பா?"

பிறகு அவரே என் தோளில் தட்டி, இதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டு பந்திக்குப் போனார். எதிரே உட்கார்ந்தவரிடம் தேவிபட்டினத்திலிருந்து கதையை ஆரம்பித்தார்.

அவர் இருந்தவரை நான் சொல்லவில்லை. போன ஆடியில் அவர் போய்விட்டார். இப்போதெல்லாம் வழியில் வண்டி நின்றால் மெக்கானிக்குக்குப் போன் போடுகிறார்கள், ஆளை இறக்கிவிடுவதில்லை. நல்லதுதான். ஆனால், அடுத்தவன் பழியைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு, சிரித்தபடி பஸ் ஏறிப்போய்க் காரியத்தையும் முடித்துவைக்கிற மனிதரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.