வற்றிய குளத்தில் கோல்ஃப்

கோல்ஃப் மட்டையை நான் ஒரே ஒரு நாள்தான் கையில் பிடித்திருக்கிறேன். அப்போது எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தமையன் கனடாவிலிருந்து ஊருக்கு, நானாட்டானுக்கு, வந்திருந்தார். சம்பந்தம் சரிவருவது அவருடைய ஒரு சொல்லில்தான் இருந்தது. எனக்கோ அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருந்தது.

"தம்பி, நாளைக்குக் காலமை வாரும். ஒரு விளையாட்டுப் பழக்கிறன்" என்றார்.

வற்றிய குளத்துக்குள் பால்மா வந்த வெறும் தகர ரின்களை மண்ணுக்குள் தாட்டுக் குழிகள் செய்து வைத்திருந்தார். மட்டையை இப்படிப் பிடிக்க வேண்டும், தலையை நிமிர்த்தக் கூடாது, மற்றவர் அடிக்கும்போது சத்தம் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். பாதி விளங்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான்; கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. ஆளுக்கொரு அடி அடித்ததில் அவர் பந்து தூரப் போனது; என்னுடையது கிட்டத்திலேயே கிடந்தது.

"நீங்கள் முதல் அடியுங்கோ, அண்ணை."

"இல்லைத் தம்பி, குழிக்குத் தூர நிக்கிறவர்தான் முதல்."

"பரவாயில்லை, நீங்கள் அடியுங்கோ."

"இதென்ன கலியாணவீட்டுப் பந்தியோ, உபசரிச்சுக்கொண்டு நிக்க? அடியும்!"

அடித்தேன். பந்து மாட்டுக் குளம்புத் தடத்துக்குள் போய் விழுந்தது. எடுத்து நல்ல இடத்தில் வைக்கப் போனேன். தொடக் கூடாதாம். கிடந்த இடத்திலேயே அடிக்க வேண்டுமாம். மண்தான் பறந்தது.

ஒருவழியாகப் பந்து ரின்னுக்குள் விழுந்ததும், "எத்தனை அடி?" என்று கேட்டார். இதில் நடுவர் இல்லையாம். அவரவரே சொல்ல வேண்டுமாம். அவர் ஆறு. நான் அடித்தது பதினொன்று. கிரிக்கெட் போல, கூட எடுத்தவன்தான் வென்றவன் என்று நினைத்தேன். பெண் எடுக்கப் போகிற இடத்தில் பெண்ணின் அண்ணனை வெல்வது முறையா?

"ஐந்து" என்றேன்.

அவர் முகம் மாறியது. அடுத்த குழியிலும் அப்படியே குறைத்துச் சொன்னேன்.

"நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்! கள்ளக் கணக்குச் சொல்லுறவனோட ஒருத்தரும் இதை விளையாடமாட்டினம்" என்று மட்டைகளைப் பையில் போடத் தொடங்கினார்.

சம்பந்தம் கைவிட்டுப் போகிறது என்பது மட்டும் விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை.

"அண்ணை, உங்களை வெல்லக் கூடாதெண்டுதான் குறைச்சுச் சொன்னனான்."

"குறைய அடிக்கிறவன்தானே, ஐசே, வெல்லுறது!"

"அப்ப... நான் வெண்டிட்டனோ?"

அவர் பையைப் போட்டுவிட்டு அங்கேயே குந்தியிருந்து சிரித்தார். நானும் சிரிக்க வேண்டுமோ என்று தெரியாமல் நின்றேன்.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். எதைக் கண்டு ஓம் சொன்னார் என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் வெட்கம்.