நாலு மொட்டையும் ஒரே ஆளாம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. காபியை வாயில் வைக்கப் போகிறேன்... காலிங் பெல். கதவைத் திறந்தால் நாலு மொட்டை. நாலு தலையிலும் சந்தனம்.

திருப்பதியில் குடியிருப்பவனுக்கு மொட்டைத் தலை புதிதா என்ன? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் முடியோடு இருப்பவர்களைத்தான் தேட வேண்டும். ஆனால் இந்த நாலில் ஒரு மொட்டை, "இன்னாண்ணா, உள்ள வரச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டது. குரலை வைத்துத்தான் தெரிந்தது — என் தங்கை கஸ்தூரி!

பக்கத்தில் அவள் புருஷன் முனிசாமி. பின்னால் அவருடைய தம்பிகள் இரண்டு பேர். வெதுருகுப்பத்திலிருந்து கிளம்பி, மலையேறி, முடி கொடுத்து, சாமி பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கையில் லட்டு. ஆனால் முனிசாமி என்னிடம் நீட்டியது லட்டை அல்ல, செல்போனை.

"மச்சான், இது என்னையே யாருன்னு கேட்டுக்கினு கீது."

விஷயம் இதுதான். கஸ்தூரிக்கு இரண்டு கறவை மாடு. மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பிடித்து, கடனையும் அடைத்துவிட்டாள். அவள் பெயரில் இருக்கும் ஒரே சொத்து. கறந்து கறந்து வலது மணிக்கட்டு போய்விட்டது. 'இனி கையால் கறந்தால் ஆபரேஷன்தான்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்று, கறக்கும் மெஷின் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மாடுகளைப் பலமனேர் சந்தைக்கு ஓட்ட வேண்டும். சந்தை என்ற பேச்சு வந்த அன்று போனில் அப்படி அழுதாள்.

அப்போதுதான் முனிசாமி செல்போனில் ஒரு வழி கண்டுபிடித்தார். மாடு வளர்ப்பவர்களுக்காகப் பெங்களூரில் யாரோ நடத்தும் ஆன்லைன் குழு. கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். நாலு பேர் லைக் போட்டால் உங்கள் கணக்கில் டோக்கன் விழும். கிரிப்டோ டோக்கன்! பெயர் 'மூ'. நம் ஊர் மாடு 'அம்மா' என்றுதான் கத்தும். பெங்களூரில் பெயர் வைத்தவருக்கு அதை யார் சொல்வது?

டோக்கனைச் சேர்த்தால் அந்தக் குழுவின் கடையிலேயே பொருளாக மாற்றிக்கொள்ளலாம். தீவனம், வாளி, கடைசியில்... கறக்கும் மெஷின்.

ஒரு ஆள் சேர்த்தால் ரொம்ப நாள் ஆகும். குடும்பமாகச் சேர்க்கலாம் என்று விதி இருந்தது. ஆக நாலு பேர், நாலு செல், நாலு கணக்கு. கஸ்தூரி மடிவீக்கத்துக்கும் கழிச்சலுக்கும் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னாள். ஆண்கள் மூவரும் சாமி படம் போட்டு 'குட் மார்னிங்' சொன்னார்கள். எதற்கு அதிக லைக் விழுந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சாமி படத்துக்கு லைக் போடாமல் தாண்டிப் போக யாருக்குத் தைரியம் இருக்கிறது?

ஒருநாள் செய்தி வந்தது. 'வாழ்த்துகள்! உங்கள் குடும்பம் மெஷினுக்குத் தகுதி பெற்றுவிட்டது.'

மெஷின் கிடைத்தால் நாலு பேரும் மொட்டை போடுவதாக முனிசாமி வேண்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஈ.எம்.ஐ.யைத் தள்ளிப் போடுவார்கள், வேண்டுதலைத் தள்ளிப் போட மாட்டார்கள். மறுநாளே மலையேறிவிட்டார்கள்.

இவர்கள் மலையில் இருக்கும்போது அடுத்த செய்தி. 'ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நாலு பேரும் கேமராவில் முகத்தைக் காட்டி உறுதி செய்யவும்.'

கணக்கில் இருக்கும் போட்டோவில் முனிசாமிக்குச் சுருட்டை முடி, தாடி, மீசை. தம்பிகளுக்கும் அப்படியே. கேமரா முன்னால் இருப்பதோ உரித்த தேங்காய். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். 'முகம் பொருந்தவில்லை.' நாலு பேருக்கும் அதே பதில்.

"ஹெல்ப்லைனுக்கு அடிங்க மாப்பிள்ள" என்றேன். நானே அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். பேச்சிலேயே தெரிந்தது, சித்தூர் ஜில்லாப் பெண்.

"மொட்டைங்களா சார்? திருமலையா? நல்ல தரிசனமா?"

"நல்ல தரிசனம்மா. இந்த முகத்தை மட்டும்..."

"எனக்குப் புரியுது சார். சிஸ்டத்துக்குப் புரியாது. முடி வளந்ததும் ட்ரை பண்ணுங்க."

ஆறு மணிக்குள் முடி எப்படி வளரும்? அப்போதுதான் சின்னத் தம்பி சொன்னான்: "டோப்பா வச்சா?"

உலகத்துக்கெல்லாம் முடி அனுப்புகிற ஊர் இது. ஞாயிற்றுக்கிழமை ஒரு டோப்பா கிடைக்கவில்லை! அலைந்து திரிந்து, நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடையில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ராஜா வேஷத்துக்கானது. தோள் வரை சுருட்டை முடி. கூடவே தாடி, மீசை.

முனிசாமி மாட்டிக்கொண்டார். செல் யோசித்தது. 'நன்றி முனிசாமி. உறுதி செய்யப்பட்டது!'

அவருடைய சொந்தத் தலை செல்லாது. வாடகை முடி செல்லும். இன்டர்நெட்டில் நிஜ மனுஷன் என்று நிரூபிக்க என்ன வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் நாலு பேரும் உறுதி செய்தால்தானே மெஷின்? அதே டோப்பாவைப் பெரிய தம்பி மாட்டினார். உறுதி. சின்னத் தம்பி மாட்டினான். உறுதி. கஸ்தூரி தாடியை மட்டும் வேண்டாம் என்றுவிட்டு, முடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

செல் இந்த முறை ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு நாலு செல்லிலும் ஒரே நேரத்தில் 'டிங்'.

'ஒரே நபர் நாலு கணக்கு வைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நாலு கணக்கும் முடக்கப்படுகின்றன. டோக்கன்கள் ரத்து.'

கஸ்தூரி டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்தேன்.

"என்னையும் இவரையும் ஒரே ஆளுன்னு சொல்லுது பாருண்ணா" என்றாள். "சமையக்கட்டுல யாரு கீறாங்கன்னு வந்து பாக்கச் சொல்லு."

பெரிய தம்பி மெதுவாக, "பலமனேர் சந்தை வெள்ளிக்கெழம..." என்று இழுத்தார்.

"சந்தையும் வாணாம், மெஷினும் வாணாம்." இப்போது அவள் குரல் மாறிவிட்டது. "இன்னைக்கு பக்கத்து வூட்டு அக்கா கறந்து குடுக்குது. தெனம் குடுக்குமா? இங்க மூணு ஆம்பள, ஆறு கை கீது. நான் வலியோட கறந்துக்கினு இருக்கும்போது, மாட்டுக் கொட்டாய்லயே குந்திக்கினு செல்ல நோண்டனீங்க இல்ல? என் கைக்கு மெஷின் வாங்கறதுக்கு! நாளைலேர்ந்து நீங்க கறங்க."

முனிசாமி தலையைத் தடவினார். "எனக்குக் கறக்கத் தெரியாதே."

"மாடு வளக்கறவங்க குரூப்புலதான கீற? அதுல கேளு."

"அதான் கணக்க பூட்டிட்டானே..."

"அப்ப என்னைக் கேளு!"

இவ்வளவு நாளும் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் லைக் வாங்கி, டோக்கன் சேர்த்து, மெஷினாக மாற்றி, அவளுக்கு உதவத் திட்டம் போட்டோம். பக்கத்தில் போய் வாளியைப் பிடிக்கலாம் என்று ஒருத்தருக்கும் புத்தி ஓடவில்லை. பின்னே? அதற்கு யார் லைக் போடுவார்கள்?

நேற்று முனிசாமி போன் பண்ணினார். முதல் நாள் மாடு உதைத்ததாம். அடுத்த நாள் வாளி கவிழ்ந்ததாம். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கஸ்தூரி வாயாலேயே வேலை வாங்குகிறாளாம்.

"மச்சான், இன்னைக்கு ரெண்டும் உதைக்கல!" — குரலில் அப்படி ஒரு பெருமை.

நல்ல வேளை, இதற்கு யாரும் டோக்கன் தருவதில்லை. தந்தால் மனுஷன் வாளியைக் கீழே வைத்துவிட்டு செல்லை எடுத்துவிடுவார்.