நம் காற்றின் கோடும் தம்பி கட்டிய பேனரும்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்து கோணலாகப் போகும், நடந்ததில் முன்பின் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பெங்களூரில் இருந்துகொண்டு வேறு கிரகங்களின் காற்றை ஆராய்கிறாள். போய்ப் பிடித்து வர முடியாத காற்று. அந்தக் கிரகம் தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சத்தில் கொஞ்சம் அதன் காற்றுக்குள் புகுந்து நம்மிடம் வருமாம். ஒவ்வொரு வாயுவும் தனக்கான நிறத்தை விழுங்கிவிடும். வெளிச்சத்தைப் பிரித்து விரித்தால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரியும். கோட்டை வைத்து வாயுவைச் சொல்லிவிடுவார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

போன வருஷம் ஒருநாள் போனில் சொன்னாள். "அம்மா, மீத்தேன் கோடு மாதிரி ஒண்ணு கெடச்சிருக்கு. துளியூண்டுதான். உயிர் இருந்தாலும் அந்த வாயு வரும், இல்லாமலும் வரும். இன்னும் சரிபாக்கணும்."

எனக்குக் காது மந்தம் என்பதால் போனை ஸ்பீக்கரில்தான் போடுவேன். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் தம்பி, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் பேனர், பத்தாவது பாஸானாலும் பேனர். மறுநாளே திண்டிவனத்தில், அவன் வழக்கமாக உட்காரும் டீக்கடைக்கு மேலே ஒன்று நின்றது. 'வேற்றுக் கிரகத்தில் உயிரைக் கண்ட எங்கள் வீட்டு விடிவெள்ளியே!' நடுவில் கூலிங்கிளாஸோடு தம்பி, கீழே வரிசையாக அவன் கூட்டாளிகள், ஒரு மூலையில் என் மகள். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார்கள்.

வாரக் கடைசியில் மகள் வந்தாள். முகமே சரியில்லை.

"அந்தக் கோடு அங்கத்தது இல்லம்மா. நம்ம காத்துலயும் மீத்தேன் இருக்கு. டெலஸ்கோப்புக்கு மேல இருக்கிற நம்ம காத்து போட்ட கோடு அது. அதை நாங்க முழுசா கழிக்கல. திங்கக்கிழமை எங்க ஆராய்ச்சிக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்லப்போறேன். அதுக்குள்ள பேனரை எறக்கச் சொல்லும்மா. நான்தான் புளுகினேன்னு ஆயிட்டா, அப்புறம் நான் எது சொன்னாலும் நம்ப மாட்டாங்க. நான் மாமாகிட்ட பேசினா அழுதுடுவேன்."

நாலு ஆண்கள் உட்கார்ந்திருந்தால் எதிர்ச்சாரியில் இறங்கிப் போகிறவள் நான். அன்றைக்கு டீக்கடைக்குள்ளேயே போய் நின்றேன்.

"இன்னாக்கா, இங்க வந்துக்கினு? டீ சொல்லட்டா?"

"பேனரை எறக்குடா."

"ஏன்? எவன் வயித்தெரிச்சல்ல இன்னா சொன்னான்?"

"உன் மருமவதான் சொன்னா. அங்க உயிரு இருக்குதுன்னு அவ சொல்லவே இல்ல. அவ பாத்த வாயுவும் அங்க இல்லியாம். நம்ம காத்துதான் குறுக்க நின்னுதாம்."

கூட்டாளி ஒருவர் கண்ணாடி டம்ளரைத் தூக்கினார். "அப்போ திண்டிவனத்துல உயிரு இருக்குதுன்னு பாப்பா கண்டுபுடிச்சிருக்குது! பேனர் இருக்கட்டும்மா, ஊரை மட்டும் மாத்திக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. "நாலு பேரு இன்னா கேப்பான்? பேஜாராப் போச்சேக்கா."

"அவ சொல்லாததை அவ மூஞ்சிக்குப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கறியேடா" என்றேன். அவன் யாரையும் ஏவாமல் தானே ஏறிக் கயிற்றை அறுத்தான்.

சாயங்காலம் மழை கட்டித் தூறவும் ஆரம்பித்தது. வாசலில் காயப்போட்டிருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையின் மேல் தம்பி அந்த பேனரையே விரித்தான்.

"மாமா, என் மூஞ்சி நனையுது, திருப்பிப் போடுங்க" என்றாள் மகள்.

"என் கூலிங்கிளாஸுந்தான் நனையுது, போ." கல்லை வைத்து ஓரத்தை அமுக்கிவிட்டுக் கேட்டான், "இல்லன்னு சொன்னா உன்னைத் திட்டுவாங்களாமா?"

"திட்டினாலும் திட்டுவாங்க மாமா. ஆனா அடுத்த தபா இருக்குதுன்னா நம்புவாங்க."

திங்கட்கிழமை போன் வந்தது. "சொல்லிட்டேம்மா" என்றாள். அவ்வளவுதான். குரல் தெளிவாக இருந்தது.

வாயு மீத்தேன்தானா, கோடு கறுப்புதானா, எனக்கு உறுதியில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகே இதை அச்சில் போடுங்கள். மறுபடி ஒன்றை இறக்கச் சொல்லி அந்த டீக்கடைக்குப் போக என்னால் ஆகாது.