வெயில் காலத்துச் சண்டைப் படங்கள்

வெயில் மாதங்களில் நான் விரும்பிப் பார்த்ததெல்லாம் சண்டைப் படங்கள்தான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இப்போது நம்புவதில்லை. கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் யாழ்ப்பாணப் பட்டணத்துத் தியேட்டர்களில் உட்கார்ந்து, ஆளை ஆள் அடித்து நொறுக்குவதைக் கண் வெட்டாமல் பார்த்திருக்கிறேன். கூட்டிக்கொண்டு போனவர் என் மச்சாள், என் கணவரின் மூத்த சகோதரி.

நான் நாவாந்துறையில் பிறந்தவள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் குருநகரில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் வீட்டுக்கும் மச்சாள் வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலிதான். இரண்டு வீடுகளுக்கும் ஆஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரை. பங்குனி பிறந்துவிட்டால் மத்தியானத்தில் வீட்டுக்குள் நிற்க முடியாது. சமைத்த சோறு அடுப்பில்லாமலே சூடாகக் கிடக்கும். கடல் குளம்போல அசையாமல் கிடந்தாலும் கடற்படைக்குப் பயந்து ஆண்கள் நினைத்த நேரம் தொழிலுக்குப் போக முடியாத காலம் அது. போனவர்கள் திரும்பி வருவார்களா என்று கரையில் நின்று பார்க்கவேண்டிய காலம். தொழில் இல்லாத நாட்களில் ஆண்கள் கள்ளுக் கொட்டிலில் இருந்தார்கள். பனையில் கள்ளு பெருகுவதும் அதே மாதங்களில்தான்.

மச்சாள் உயரமானவர், அகன்ற தோள். சந்தையில் மீன் வெட்டி விற்பார். பாரை மீனின் தலையை ஒரே வெட்டில் எடுப்பார். அவருடைய கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். என் கணவரும் அண்ணையும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். கள்ளு வெறி இல்லாத நேரத்தில் அண்ணையைப்போல் சாதுவான ஆளைப் பார்க்க முடியாது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்பார். வெறியில் வந்தால் மச்சாளை அடிப்பார். கையால், வாரால், ஒருநாள் துடுப்பால்.

முதல்முறை அந்தச் சத்தம் கேட்டபோது நான் என் கணவரைப் பிடித்து உலுக்கினேன்.

"உங்கடை அக்காவைக் கொல்லுறார். போய்ப் பிடியுங்கோவன்."

அவர் பாயில் திரும்பிப் படுத்தார். "அவையின்ரை குடும்பத்துக்கை நாங்கள் என்னெண்டு போறது" என்றார். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து வள்ளத்தைத் தள்ளினார்கள். மச்சாள் சேலைத் தலைப்பைக் கன்னத்தோடு இழுத்துவிட்டுக்கொண்டு மீன் கடகத்துடன் சந்தைக்குப் போனார்.

ஒருநாள் கிணற்றடியில் கேட்டேன். "மச்சாள், நீங்கள் பாரை வெட்டுற கையாலை ஒருக்கால் திருப்பிக் குடுத்தால் என்ன?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "திருப்பி அடிச்சால் மனுசன் வெக்கத்திலை இன்னும் கூட அடிக்கும். உனக்கு உது விளங்காது" என்றார். பிறகு, "உயிர்த்த ஞாயிறு முடியட்டும். படத்துக்குப் போவம்" என்றார்.

தவக்காலத்தில் எங்கள் பங்கில் யாரும் படம் பார்ப்பதில்லை. இறைச்சி, கலியாணம், படம் மூன்றும் இல்லை. பெருநாள் முடிந்ததும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைப்பெடுக்கும். நானும் மச்சாளும் மத்தியானக் காட்சிக்கு நடந்தே போவோம். உருகிய தார் செருப்பில் ஒட்டும். தியேட்டருக்குள் நுழைந்ததும் இருட்டும் மின்விசிறிக் காற்றும் முகத்தில் படும்போது ஒரு நிம்மதி வரும். ஆயிரம் பேருடைய வியர்வை அந்தக் காற்றில் மணக்கும். ஆனாலும் எங்கள் வீட்டைவிட அது குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அழுகைப் படங்களுக்கு மச்சாள் வரமாட்டார். "அழ எனக்கு வீட்டிலை இடமிருக்கு" என்பார். அவருக்குச் சண்டை வேண்டும். வில்லனைப் புழுதியில் புரட்டி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே எறிய வேண்டும். தெருவில் தலை நிமிர்த்தாமல் நடந்து வந்த அந்த மனுசி, படத்தில் முதல் அடி விழுந்ததும் கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார்.

"அடி உவனை. விடாதை. வயித்திலை குடு."

முன்வரிசையில் இருந்த பெடியள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவருக்கு அது தெரியாது. கழுத்து நரம்பு புடைத்திருக்கும். என் முழங்கையைப் பிடித்து இறுக்குவார். படம் முடிந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் அவருடைய விரல் தடம் சிவந்து கிடக்கும். இடைவேளையில் ஐஸ்பழம் வாங்கித் தருவார். அவர் அதைச் சூப்புவதில்லை, கடித்துத் தின்பார். இரண்டு மூன்று படத்துக்குப் பிறகு நானும் கத்தத் தொடங்கினேன். யாரை நினைத்துக்கொண்டு கத்தினேன் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

இப்படி ஒரு வெயில் காலம் போனது. அடுத்த வெயில் காலத்தில்தான் அது நடந்தது.

அன்று ஓடிய படத்தில் கல் உடைக்கும் இடத்தில் ஒரு பெரிய சண்டை வரும். கதாநாயகனின் கைகளைச் சங்கிலியால் கட்டியிருப்பார்கள். அவன் அந்தச் சங்கிலியாலேயே அடிப்பான். மச்சாள் எழும்பி நிற்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய தலை பின்னுக்குப் போனது. நான் திரும்பினேன். இருட்டில் அண்ணை நின்றார். மச்சாளின் கொண்டை அவர் கையில் இருந்தது. கள்ளு நாற்றம் என் முகத்தில் அடித்தது.

"வீட்டிலை சோறில்லை, நீ இஞ்சை ஆட்டம் பாக்கிறியோ" என்றார்.

கதிரைக்கு மேலால் அவரை இழுத்தார். மச்சாள் நடைபாதையில் விழுந்தார். திரையில் சங்கிலி விழுகிற சத்தமும் இங்கே உதை விழுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பின்னால் இருந்தவர்கள், "இருங்கோ, இருங்கோ, மறைக்குது" என்று சத்தம் போட்டார்கள். என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பாய்ந்து அண்ணையின் கையைப் பிடித்தேன். அவர் உதறினார். அவருடைய மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. என்னைத் தள்ளிய வேகத்தில் நான் இரண்டு கதிரைகளுக்கு நடுவே செருகிக்கொண்டேன்.

அப்போதுதான் மச்சாள் எழும்பினார். எழும்பி, வாழ்க்கையில் முதல்தடவையாக, திருப்பி அடித்தார். கையை மூடிக்கொண்டு முகத்தில் அடித்தார். அண்ணையின் மூக்கால் இரத்தம் கொட்டியது. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கும்போது அவர் மச்சாளின் பின்கழுத்தைப் பிடித்து, படிக்கட்டின் சீமெந்து விளிம்பில் முகத்தை மோதினார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. அந்தச் சத்தம் எந்தப் படத்திலும் வரும் சத்தம் போல இல்லை. ஈரமான சத்தம்.

லைட் எரிந்தது. படம் நின்றது. வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் நாலைந்து ஆண்களும் அண்ணையைப் பிடித்தார்கள். மச்சாள் படியில் உட்கார்ந்து வாயிலிருந்து எதையோ துப்பினார். முன்பற்கள். அவற்றைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பிறகும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் இரண்டு இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்தார்கள். ஊர் வழக்குகளை அவர்களே தீர்த்துவைத்த காலம் அது; தியேட்டரில் நடந்தது எட்டியதும் இரவே அண்ணையைப் பிடித்து வைத்திருந்தார்கள். இருவருக்கும் மீசை அரும்புகிற வயது. ஒருவன் முற்றத்தில் நின்றபடி கேட்டான்.

"அக்கா, இவர் முந்தியும் உங்களுக்கு அடிக்கிறவரோ?"

மச்சாளால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்லுக்குள்ளால், "ஓம்" என்றார்.

"எவ்வளவு காலமா?"

"கட்டின நாள் தொட்டு."

அவன் மற்றவனைப் பார்த்துத் தலையசைத்தான். போகத் திரும்பியவர்களை மச்சாள் மறித்தார். "என்ன செய்யப் போறியள்?"

"ஒண்டுமில்லை அக்கா. கதைச்சுப்போட்டு விட்டிடுவம்."

மறுநாள் சந்தியில் அண்ணையை லைட் கம்பத்தோடு கட்டினார்கள். நல்ல வெயில். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. பெண்சாதியை அடித்தவன் என்று அதில் எழுதியிருந்தது. ஊரே கூடிவிட்டது. பிள்ளைகள் மதிலில் ஏறி இருந்தார்கள். என் கணவர் கூட்டத்தின் பின்னால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முற்றத்தில் வந்து கேட்ட அந்தப் பெடியன்தான் கொட்டன் தடியால் அடித்தான். முதலில் தொடையில், பிறகு முதுகில். பிறகு கம்பத்தோடு கட்டியிருந்த வலது கையில். அண்ணை முதலில் ஏசினார், பிறகு கெஞ்சினார், பிறகு மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் போட்டார். மதிலில் இருந்து யாரோ விசிலடித்தார்கள். தியேட்டரில் அடிக்கிற அதே விசில். சிலர் சிரித்தார்கள்.

எத்தனை முறை நானே இப்படிக் கேட்டுக் கத்தியிருக்கிறேன். கண் முன்னே நடந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மச்சாளை நான் வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் எழும்பி வந்துவிட்டார். தாடையில் கட்டிய துணி, வீங்கி மூடிய ஒரு கண். ஆட்கள் தாமாகவே வழி விட்டார்கள். நேரே போய்க் கம்பத்துக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, காணும் விடு."

"விலத்துங்கோ அக்கா. உங்களுக்காகத்தானே செய்யிறம்."

"நான் கேட்டனானே?"

ஓங்கிய கொட்டனை நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை. அது மச்சாளின் முழங்கையில் விழுந்தது. அவர் அசையவில்லை. மதிலில் விசில் நின்றது. அந்தப் பெடியனின் முகம் சிறுபிள்ளையின் முகமாக மாறியது. கொட்டனைக் கீழே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கயிற்றை அவிழ்க்கும்படி மற்றவன் சொன்னான்.

என் கணவர்தான் அவிழ்த்தார். ஐஸ் ஏற்றும் தள்ளுவண்டிலில் அண்ணையைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அண்ணை மச்சாளைத் தூஷண வார்த்தைகளால் திட்டிக்கொண்டே வந்தார். மச்சாள் வண்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி நடந்தார்.

வலது கை தேறவில்லை. விரல்கள் மடங்கியபடி நின்றுவிட்டன. வலை இழுக்க முடியாது, துடுப்புப் பிடிக்க முடியாது. வள்ளத்தில் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தார். அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். வாய் அப்படியே இருந்தது. ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்க இடது கையை ஓங்கினார். மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த மச்சாள் நிமிராமலே அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தார். மற்றக் கையால் செதிலைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அண்ணை இழுத்துப் பார்த்தார். கை வரவில்லை. பிறகு அழுதார். மச்சாள் கையை விட்டுவிட்டு, "போய் முகத்தைக் கழுவுங்கோ. சோறு போடுறன்" என்றார்.

அடுத்த உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் அவர் வேலியடியில் வந்து நின்றார்.

"வெளிக்கிடு. புதுசா ஒரு சண்டைப் படம் வந்திருக்காம்."

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்கு இன்னும் உதுகளைப் பாக்க மனம் வருமே மச்சாள்?"

"ஏன் வராது? படத்திலை அடி வாங்கினவன் எழும்பி வீட்டை போயிடுவான்."

போனோம். மச்சாள் முன்போலவே கதிரை நுனிக்கு வந்தார். பல் போன இடைவெளியால் காற்று ஊத, "அடி உவனை" என்று கத்தினார். என்னால்தான் பார்க்க முடியவில்லை. ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடினேன். ஆனால் கூட வரமாட்டேன் என்று சொல்லவுமில்லை. நான் போகாவிட்டால் அவர் தனியாகப் போவார்.

தொண்ணூறாம் ஆண்டு, இராணுவம் இருந்த கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டது. குண்டு விழுந்து எங்கள் கூரை போனது. தியேட்டருக்குப் போகிற வீதியெல்லாம் கல்லுக் குவியலானது. நாங்கள் நாலு பேரும் நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடொன்றில் ஒதுங்கினோம். கடல் மணம் இல்லாத இடத்தில் அண்ணைக்கு நித்திரை வரவில்லை. அடுத்த வைகாசியில் காய்ச்சல் கண்டு ஒரு கிழமைக்குள் செத்துப்போனார். மச்சாள் அடித்து அழுதார். தன் நெஞ்சில் தானே அடித்தார். நானும் இன்னொருத்தியும் சேர்ந்துதான் கைகளைப் பிடித்தோம். அந்தக் கைகளில் அவ்வளவு பலம் இருந்தது.

ஒரு வருடம் கறுப்பு உடுத்தினார். துக்க வீட்டுக்காரிக்குப் படம் இல்லை. ஆனால் ஆனி மாதத்து ஒரு பகலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். கரண்ட் இல்லாத காலம். ஊரே அந்த வீட்டுக்குள் நிறைந்துவிட்டது. நானும் மச்சாளும் எங்கள் பக்கத்து வாழைகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றோம். சுவருக்கு அங்காலிருந்து அடி விழுகிற சத்தம் கேட்டது. மச்சாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காதைக் கொடுத்தார்.

"இப்ப விழுந்தது வில்லன்ரை அடி" என்றார்.

"என்னெண்டு தெரியும்?"

"கேளன். இனிக் கதாநாயகன் எழும்புவான்."

அப்போது இராணுவ ஹெலிகொப்டரின் சத்தம் கிழக்குப் பக்கமாகக் கேட்டது. ஜெனரேற்றரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் பங்கர்க் குழிக்கு ஓடினார்கள். நாங்கள் வாழைகளுக்கு நடுவே குந்தி இருந்தோம். தூரத்தில் எங்கேயோ சுட்டார்கள். வாழை இலைகள் சரசரத்தன. ஹெலி போன பிறகு ஜெனரேற்றர் மறுபடி இரைந்தது. மிச்சப் படம் ஓடியது. ஆட்கள் வெளியே வந்தபோது மச்சாள் வேலியடியில் ஒருத்தியை மறித்துக் கேட்டார்.

"பிள்ளை, கடைசியிலை வில்லன் செத்தவனோ?"

"இல்லை அக்கா. காலிலை விழுந்து மன்னிப்புக் கேட்டவன். விட்டிட்டினம்."

"பேந்து? அதுக்குப் பிறகு?"

"பேந்து என்ன, முடிஞ்சுது."

மச்சாள் கொஞ்ச நேரம் அந்தப் பெண் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.