சுளகுக்குள்ள ஒரு சண்டை

எங்க அக்கா வீட்டுக்காரரு நம்பிராஜன் அத்தான் இருபத்திரெண்டு வருசம் பட்டாளத்துல இருந்தவரு. ஹவில்தாரா ரிட்டயர் ஆகி, குத்தாலத்துல ஒரு லாட்ஜுல செக்யூரிட்டி. சித்திரை மாசம் அருவியில தண்ணியும் கிடையாது, லாட்ஜுல ஆளும் கிடையாது. அந்த மனுசன் கையில டிவி ரிமோட்டு சிக்குனா கேக்கணுமா? உலகத்துல எங்கன சண்டைன்னாலும் யாரு ஜெயிப்பான்னு இவருதான் தீர்ப்பு. "உங்களக் கேட்டா அத்தான் சண்டை போடுதானுவ?"ன்னு கேலி பண்ணுவேன். அந்த வருசம் மட்டும் கேலி வரல. சண்டை சூடான்ல. அவரு மவன் மகாராஜா அங்கன தலைநகரத்துல, ஒரு மாவு மில்லுல எலக்ட்ரீசியன்.

அந்த நாட்டு ராணுவமும், அதுவே வளத்துவிட்ட இன்னொரு படையும் ஊருக்குள்ளயே அடிச்சுக்கிட்டானுவ. வளத்த கிடா மாருல பாஞ்ச கதைதான். மகாராஜாகூட தங்கியிருந்த ரெண்டு பேரு பஸ் பிடிச்சு, கப்பல் ஏறலாம்னு துறைமுகத்துக்குக் கிளம்பிட்டானுவ. இவன் அப்பாகிட்ட போன்ல யோசனை கேட்டான்.

"கிளம்பாதலே. ராணுவத்துக்கிட்ட பிளேன் இருக்கு, மத்தவன்கிட்ட இல்ல. மூணு நாள்ல முடிஞ்சிரும், ரூமுக்குள்ளயே இரு"ன்னுட்டாரு. அவனும் தனியா இருந்துட்டான்.

மூணு நாள் ஒம்பது நாளாச்சு. நான் காய்கறி டெம்போ ஓட்டுதவன். அன்னைக்குக் காலையில பாவூர்சத்திரத்துல வாங்குன காயைக் கொண்டுகிட்டு தென்காசிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அதைப் புடைக்கிற சுளகுல கொட்டி எனக்குச் சண்டைய விளக்க ஆரம்பிச்சுட்டாரு. முருங்கைக்காய் ராணுவத்துப் பிளேனாம். பல்லாரி வெங்காயம் டாங்கியாம். சின்ன உள்ளி மத்தவனுவ வண்டி, மேல துப்பாக்கிய மாட்டிக்கிட்டு சந்துபொந்தெல்லாம் ஓடுமாம்.

"எண்ணிக்கையில உள்ளிதான் கூட. ஆனா மாப்ளே, வானம் எவன் கையிலயோ அவன்தான் ஜெயிப்பான்."

குரல் தைரியமாத்தான் இருந்துச்சு. முருங்கைக்காயைச் சுளகுக்கு மேல சுத்திச் சுத்திக் காமிச்சாரு.

அக்கா வள்ளித்தாய் ஈரக்கையோட வந்து நின்னா. "இதுல நம்ம பய எதுங்க?"

அத்தான் சுளகுல தேடினாரு. பிள்ளைய வைக்கவே இல்ல மனுசன்.

"ரெண்டு பக்கமும் என்னென்ன இருக்குன்னு ஒம்பது நாளா எண்ணுதீயளே, எம்புள்ள கையில என்ன இருக்குன்னு எண்ணுனீயளா?"

அவரு ஒரு மிளகாய்க் காம்பை எடுத்து அவன் தெரு இருக்க இடத்துல வச்சாரு. சுத்தி பூரா உள்ளி. நேர் மேல முருங்கைக்காய். மூஞ்சி வெளிறிப் போச்சு. பிளேன் குண்டு போட்டா பய தலையிலதான் விழும்னு எனக்கும் அப்பந்தான் விளங்குச்சு.

அந்நேரம் பாத்து போன் அடிக்குது, அத்தான் ஸ்பீக்கர்ல போட்டாரு. மகாராஜா.

"அப்பா, கீழ துப்பாக்கி வண்டிக்காரனுவ வந்து நிக்கானுவ. மேல பிளேன் சத்தம் கேக்குது. அது நீங்க சொன்ன ராணுவத்துப் பிளேன்தான? பயம் இல்லைலா?"

அக்கா போனைப் பிடுங்கினா. "எவனும் நம்மாளு இல்லலே! இறங்கி ஓடுலே!"

லைன் செத்துப்போச்சு.

அஞ்சு நாள் ஒரு தகவலும் இல்ல. அக்கா ஆய்க்குடி முருகனுக்கு நேந்துகிட்டா. அத்தான் பச்சத்தண்ணி குடிக்கல. ஆறாவது நாள் துறைமுகத்துல இருந்து பேசுனான். அவன் இருந்த கட்டடத்துக்கு இப்பம் மாடி இல்லையாம்.

பய ஊரு வந்து சேந்துட்டான். லாட்ஜுல இப்பமும் டிவி ஓடுது. எங்கனயாச்சும் குண்டு விழுந்தா லாட்ஜுப் பயலுவ, "அண்ணாச்சி, யாரு ஜெயிப்பா?"ன்னு கேக்கத்தான் செய்யுதானுவ.

"அங்கன நம்ம பிள்ளைக யாரும் இருக்காவளாலே?"ன்னு கேப்பாரு. அவ்வளவுதான்.