தேன்மொழிக்கு ஒரு மணி வரை பர்மிஷன்

அடுத்தவர் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்வதெல்லாம் ஒரு தொழிலா என்று என் வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். தோளில் பையும் கையில் ரெக்கார்டருமாக அலைகிற உங்கள் வீட்டிலும் கேட்பார்கள் என்று தெரியும். பதில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் நாற்பது பேர் சேர்ந்து, ‘நகர்வும் நினைவும்’ என்று தலைப்பு வைத்து, எங்கள் திருவண்ணாமலையில் ஒரு கூட்டம் போட்டோம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களின் ஞாபகங்கள்தான் விஷயம். உள்ளூர்க்காரி என்பதால் மண்டபம் பிடிப்பது, சாப்பாடு சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தது. அவற்றோடு, நான் பதிவு செய்த செல்வியின் குரலைச் சபையில் போட்டுக்காட்ட வேண்டும். அதுதான் பெரிய வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

வருஷம் என்ற கட்டம்

செல்விக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம். பெங்களூரில் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்து, முட்டி தேய்ந்து, இப்போதுதான் ஊரோடு வந்து சேர்ந்திருக்கிறார். முதல் நாள் நான் ஒரு படிவத்தோடு போனேன். சம்பவம், இடம், வருஷம் என்று கட்டம் கட்டமாகப் போட்ட படிவம். கல்யாணம் எந்த வருஷம்? “அந்தப் பெரிய ஆஸ்பத்திரி கட்டடம் அஸ்திவாரத்துல இருக்கச்ச.” மூத்தவள் பிறந்தது? “அதே ஆஸ்பத்திரி, மூணாவது மாடி ஒட்டும்போது.” வீட்டுக்காரர் தவறியது? “கல்யாண மண்டபத்துக்குப் பூச்சு வேல நடக்கச்ச.”

நான் விடவில்லை. அப்போது யார் முதலமைச்சர், எந்தத் தேர்தல் என்றெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கடலையை உரித்தபடியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்: “வருஷம் ஒனக்கு வேணும்னா நீயே போட்டுக்கோம்மா. எனக்குக் கட்டடம் போதும்.”

மூன்றாம் நாள் சொன்னது

செல்விக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தேன்மொழி. நான்கு வயதில் அவளை ஊரில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கைக்குழந்தையாக இருந்த பையனை மட்டும் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆம்பளைப் பிள்ளை என்பதால்தான் தம்பியைக் கூட வைத்துக்கொண்டாள் என்று தேன்மொழி மனதில் படிந்துபோனது. இப்போது அவளுக்கு முப்பது வயது. அம்மாவிடம் “சாப்டியா, மாத்திர போட்டியா” என்பதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

உண்மை வேறு. அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தில், கூட வேலை செய்த கமலா என்பவரின் மகள் மூடாத தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்துபோனாள். தேன்மொழி வயதுதான். நடக்கிற பிள்ளையை அங்கே வைத்துக்கொள்ளப் பயந்து, அன்றைக்கே செல்வி அவளை ஊருக்குக் கொண்டுவந்து விட்டார். பால் குடிக்கிற பையனை விட்டுவிட்டுப் போக முடியாது. இவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருஷமாக மகளிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ரெக்கார்டரில் சொன்னார். சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்: “நேர்ல சொல்ல வாய் வரலம்மா. நீ அவளக் கூப்ட்டு மிஷின்ல போடு. கேக்கட்டும்.”

ஜெராக்ஸ் கடையில் அழைப்பிதழ்

தேன்மொழிக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆன்லைனில் மனு போட்டுக் கொடுப்பாள். மனுநாள் என்பதைக் கவனிக்காமல் திங்கட்கிழமை போய் நின்றேன். பட்டா கேட்பவர், பென்ஷன் கேட்பவர் எல்லாருக்கும் பின்னால் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் அழைப்பிதழை நீட்டினேன். அதையும் மனு என்று நினைத்து மிஷினில் வைத்து, “எத்தன காப்பி?” என்றாள்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அழைப்பிதழில் அம்மாவின் பெயரைப் படித்தாள். முகம் இறுகியது. வரமாட்டாள் என்றே நினைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த முதலாளியிடம் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பினாள்: “எங்கம்மா கதைய ஊரே கேக்குது, எங்கிட்டதான் சொன்னதில்ல. பன்னெண்டுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பர்மிஷன். அதுக்குள்ள முடிச்சிடுங்க.”

கூட நடந்தால்தான் பேச்சு

கூட்டத்தன்று காலையில் ஒரு களப்பயிற்சி. கிரிவலப் பாதையில் நடப்பவர்களிடம் பேசி, அவரவர் எந்த ஊரிலிருந்து ஏன் வருகிறார்கள் என்று கேட்டு வர வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பி எட்டரைக்குத் திரும்புவதாகத் திட்டம். வெளியூர் நண்பர்களைப் பாதையோரமாக ஆளுக்கொரு இடத்தில் நிறுத்தியிருந்தேன். திட்டம் போட்டவள் நான். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும், கிரிவலம் போகிறவர் பாதி வழியில் நின்று பேட்டி கொடுப்பார் என்று எப்படி நம்பினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

பேச நிறையப் பேர் தயாராக இருந்தார்கள், நிற்கத்தான் ஒருவரும் தயாராக இல்லை. நண்பர்களும் ரெக்கார்டரை நீட்டியபடியே கூட நடந்தார்கள். பேச்சு ருசித்துவிட்டது. எட்டரைக்கு வர வேண்டியவர்கள், செருப்பில்லாத கால்களைத் தேய்த்துக்கொண்டு பதினொன்றுக்கு வந்தார்கள். பத்தரைக்குத் தொடங்கி, பன்னிரண்டுக்குச் செல்வியின் பதிவு என்று போட்டிருந்த நிகழ்ச்சியெல்லாம் தள்ளிப்போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நண்பர் தன் ரெக்கார்டரைப் பெருமையாகப் போட்டுக்காட்டினார். அதில் முதல் குரலே இதுதான்: “நின்னா கால் புடிச்சுக்கும் சார். கேக்கணும்னா கூட நடங்க.”

இருபது பக்கக் கட்டுரை

பன்னிரண்டு மணிக்குச் சொன்னபடி தேன்மொழி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் செல்வி. மேடையில் அப்போதுதான் வரவேற்புரை. அடுத்தது பேராசிரியர் ஒருவரின் இருபது பக்கக் கட்டுரை. அதற்கும் அடுத்ததுதான் செல்வியின் பதிவு. பன்னிரண்டரைக்கு வரவேற்புரை முடிந்து பேராசிரியர் எழுந்தார். தேன்மொழி போனில் மணி பார்த்தாள். செல்வி தலையைத் திருப்பித் திருப்பி மகளைப் பார்த்தார். மகளுக்கு ஒரு மணி வரைதான் பர்மிஷன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினேன். மூத்தவர், கோபித்துக்கொள்வாரோ என்று பயம் வேறு.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கடைசி வரிசையைப் பார்த்தார். கட்டுரையை நான்காக மடித்துப் பையில் வைத்தார். அந்த மனுஷரை எந்த நாளும் மறக்க மாட்டேன். மைக்கில் சொன்னது இரண்டே வரி: “என் கட்டுரை எங்கயும் ஓடிப்போகாது. அந்தப் பொண்ணு போயிடும்.”

பாவாடை

ஆளாளுக்குப் பதிவு செய்தால் குழப்பமாகும் என்று, எல்லாரும் ரெக்கார்டரை அணைத்து வைப்பதாக ஏற்பாடு. கூட்டத்தைப் பதிவு செய்ய ரஹீம் பாய் ஒருவர்தான். எங்கள் ஊர்க் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் மைக்செட் அவருடையது. அவர் பொத்தானை அழுத்த, செல்வியின் குரல் மண்டபத்தில் கேட்டது. ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். செல்வி எழுந்துவிட்டார். “நிறுத்துங்க பாய். அதுல நான் முழுசா சொல்லல.”

மகளைப் பார்த்துத் திரும்பி நின்றார். “கமலா பொண்ணு தொட்டியில வுழுந்துட்டாடி. ஓடிப்போயிப் பாத்தா தண்ணில உன் பாவாட. நான்தான் அந்தக் கொழந்தைக்குக் குடுத்திருந்தேன். நீன்னே நெனச்சிட்டேன். தூக்கி மொகத்தப் பாத்தா நீ இல்ல. அய்யோ, நீ இல்லன்னு சந்தோஷப்பட்டேன்டி. கமலா பக்கத்துல நிக்கறா. நான் சந்தோஷப்பட்டேன்.” அதோடு நின்றுவிட்டார்.

ஒருவரும் மூச்சு விடவில்லை. எங்கள் தொழிலின் முதல் பாடமே அதுதான்: சொல்பவர் பேசும்போது சத்தம் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும். நாற்பது தலைகளும் ஒழுங்காக ஆடின. ஆனால் நம் ஊர்ப்பக்கம் எதிரில் இருப்பவர் ஊம் கொட்டாவிட்டால் சொல்பவருக்குப் பேச்சு எழாது. செல்வி எங்களைப் பார்த்துப் பயந்துபோனார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரைக் குற்றவாளியாக நிறுத்தியதுபோல ஆகிவிட்டது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஊம். அப்புறம்?”

தேன்மொழிதான். எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். “அப்புறம் என்ன, அன்னிக்கே பஸ் ஏறி உன்னப் பெரியம்மாகிட்ட வுட்டேன்” என்றார் செல்வி. “ஊம்” என்றாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். “எந்தப் பாவாடம்மா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. மணி ஒன்றேகால் ஆனது. கடையிலிருந்து போன் வந்தது, அவள் எடுக்கவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் யாரைக் கும்பிடுவதென்றே தெரியவில்லை.

திடீரென்று புத்தி வந்து ரஹீம் பாயிடம் ஓடினேன். பதிவு விளக்கு எரியவில்லை. செல்வி எழுந்து நின்றபோதே பாய் அணைத்துவிட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: “அது அம்மாவும் பொண்ணும் பேசிக்கறது மேடம். நமக்கு எதுக்கு?”

நினைவுகளைச் சேகரிக்க நாற்பது பேர் கூடிய கூட்டத்தில் ஆகச் சிறந்த நினைவு ஒன்றைச் சேகரிக்காமல் விட்டுவிட்டோம், நல்லவேளை.