மன்றத்தில் போட்ட பாப்பா படங்கள்

அண்ணன் தன் மகளை முதன்முதலாகப் பார்த்தது ஓர் இணைய மன்றத்தில்தான். அவன் வளைகுடாவுக்குப் போன ஐந்தாம் மாதம் பாப்பா பிறந்தாள். கேம்ப் ஆபீஸில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் மெயில் திறக்காது; கம்பெனி அடைத்து வைத்திருந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் கூடிப் பேசும் தமிழ் மன்றம் மட்டும் எப்படியோ திறந்தது. அடைக்கிறவனுக்குத் தமிழ் தெரியாததுதான் காரணம் என்பான் அண்ணன். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் அந்தக் கம்ப்யூட்டர் அவனுடையது. எதையும் அதில் சேமித்து வைக்கக் கூடாது, பார்க்கலாம், அவ்வளவுதான்.

நான் அப்போது குழித்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்ற தலைக்கனம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அண்ணன் கொடுத்துவிட்டிருந்த சின்ன டிஜிட்டல் கேமராவும் என் பொறுப்பில்தான் இருந்தது.

மன்றத்தில் நேரடியாகப் படம் போட முடியாது. இலவசமாகப் படம் வைத்துக்கொள்ள இடம் தரும் இன்னொரு தளத்தில் ஏற்ற வேண்டும். அது தரும் நீளமான முகவரியைக் கொண்டுவந்து மன்றப் பதிவில், இரண்டு அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் படம் வராது. வியாழக்கிழமை சாயங்காலம் சென்டர் காலியானதும் இதைத்தான் செய்வேன். ஒரு படம் ஏறி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பாப்பா படம் போடலாம், மதினி படம் போடக் கூடாது. ஊர் உலகம் பார்க்கிற இடத்தில் வீட்டுப் பெண்ணின் முகமா என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் உட்காரத் தெரியாத பிள்ளையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. பிடித்தது மதினிதான். அதனால் எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவள் கை வந்துவிடும், இல்லாவிட்டால் சேலை முந்தி, முழங்கால். எனக்கு எரிச்சலாக இருக்கும். "மதினி, கைய இழுங்க. படம் கெட்டுப் போவுது" என்று கத்துவேன். பாவம், அவளும் முடிந்த மட்டும் இழுத்துக்கொள்வாள்.

பாப்பா கன்னத்தில் மட்டும் மைப்பொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். மன்றத்துக்காரர்கள் அத்தனை பேர் கண்ணும் படுமே!

கண் பட்டதோ இல்லையோ, அவர்கள் எல்லாரும் அவளுக்கு மாமாக்களாகிவிட்டார்கள். "பல்லு வந்தாச்சா மக்கா?" என்று தோகாவிலிருந்து ஒருவர் கேட்பார். தோவாளைக்காரர் ஒருவர், பனி கொட்டும் ஏதோ நாட்டில் இருந்தவர், கொலுசு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போவான். பேச்சில் அவன் எப்போதுமே கஞ்சன்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள், படம் வைக்கும் தளத்தில் இடம் நிறைந்துவிட்டது, இனி ஏற்ற முடியாது என்று வந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பழையதெல்லாம்தான் மன்றத்தில் போட்டாச்சே, இங்கே எதற்கு என்று ஒரு வருஷப் படத்தையும் துடைத்து எடுத்துவிட்டேன். இடம் சுத்தமாக இருந்தது. வீடு பெருக்கி முடித்த திருப்தியோடு பஸ் ஏறிப் போனேன்.

மன்றத்தில் படம் என்று ஒன்று கிடையவே கிடையாது, அங்கே இருப்பது வெறும் முகவரிதான், ஒவ்வொரு முறையும் அது அந்தத் தளத்திலிருந்துதான் படத்தை எடுத்துவந்து காட்டுகிறது என்பது, டைப்பிங் டீச்சரான எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"ஏட்டி, எல்லாம் சதுரம் சதுரமாக் கெடக்கு. ஓரோண்ணுலயும் ஒரு செவப்புக் குறுக்கு. பிள்ளைய எங்க?"

நான் துடைத்ததுதான் காரணம் என்று உறைத்தது. கேமரா அட்டையில் பத்துப் பன்னிரண்டு படம்தான் நிற்கும் என்பதால் வாராவாரம் அழித்துவிடுவேன். சென்டர் கம்ப்யூட்டரை வைரஸ் என்று அப்போதுதான் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். பிள்ளையின் முதல் வருஷம் எங்கேயும் இல்லை. அன்றைக்கு நான் சென்டர் பாத்ரூமில் நின்று அழுதேன்.

வெட்கத்தை விட்டு மன்றத்தில் நடந்ததை எழுதினேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் தோகாக்காரர் ஏழு படம் அனுப்பினார். கொலுசுக்காரர் இருபது. கேட்காமலேயே ஆளுக்கு ஆள் தங்கள் கம்ப்யூட்டரில் பாப்பாவை எடுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் தன் திரையிலேயே போட்டு வைத்திருந்தாராம். பத்து நாளில் ஏறக்குறைய எல்லாம் திரும்பி வந்துவிட்டன. அத்தனையையும் மறுபடி ஏற்றி, புதுப் பதிவு போட்டு, அண்ணன் போனுக்காகக் காத்திருந்தேன்.

"பாத்தியா அண்ணே? எல்லாம் கிட்டியாச்சு!"

"பாத்தேன். பிள்ளை இருக்கா. சந்தோசம்." பிறகுதான் சொன்னான்: "ஓரத்தையெல்லாம் வெட்டிட்டானுவ மக்களே."

உண்மைதான். பாப்பா முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஆசைப்பட்டு எல்லாரும் சுற்றிலும் வெட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது இன்னும் அழகாகத்தான் தெரிந்தது.

"ஓரத்துல என்னண்ணே இருந்து?"

"அவளுக்க கை இருந்துல்லா."

அவனே சொன்னான். "இருபத்தெட்டாம் நாளு பிள்ளைக்கு அரைஞாண் கெட்டுன அன்னைக்கு வெரல்ல மஞ்ச இருந்து. பல்லு தெரியப்பட்ட படத்துல கைய சுட்டிருந்தா. நீங்க யாரும் எனக்கிட்ட சொல்லல்ல. அடுத்த படத்துல ஆறியிருந்து."

அவனிடம் அவள் படம் என்று இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதில் பவுடருக்கு அடியில் மதினி யாரோ மாதிரி இருப்பாள். தபாலில் நாங்கள் அனுப்பிய அவளுடைய மற்றப் படங்கள் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு வருஷமும் அவன் தன் பெண்டாட்டியை ஓரங்களில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நானோ வாராவாரம் கையை இழு, கையை இழு என்று அவளை விரட்டியிருக்கிறேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சண்டை போட்டேன். மதினி முகத்தையே போடப் போகிறேன், யார் என்ன சொன்னாலும் சரி என்றேன். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த மதினிதான் தடுத்தாள்.

"மொகம் வேண்டாம் பிள்ளே. அத அவிய வரும்ப நேர்ல பாக்கட்டு."

சொல்லிவிட்டுக் கையை மட்டும் முன்னால் நீட்டினாள். மண்ணும் கிழங்குப் பாலும் ஒட்டிய கை. கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவளை நான் விடவில்லை. அப்படியே எடுத்தேன்.

வியாழக்கிழமை மன்றத்தில் போட்டேன். தலைப்பு ஒன்றும் வைக்கவில்லை. கொலுசுக்காரர் உடனே வந்து "பாப்பா எங்க மக்கா? லிங்க் மாறிப் போச்சா?" என்று கேட்டார். மரச்சீனியைப் பார்த்ததும் நாக்கு ஊறுகிறது என்று தோகாக்காரர் எழுதினார்.

மறுநாள் மதியம் அண்ணன் வந்தான். வழக்கமான நன்றியைக் காணோம்.

"இதை யாரும் வெட்டிராதீங்க" என்று எழுதியிருந்தான்.